கரையைத் திரும்பிப் பாருங்கள்: படகு பழக வருகிறவர்களுக்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது, கடற்கரை ஊர்களிலிருந்து ஃபைபர் வள்ளங்கள் லாரியில் வந்து இறங்கின. ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தோம். வள்ளத்தில் வந்தவர் கீழிருந்து, "தண்டு வலிக்க ஒரு ஆள் வாங்க" என்று கூப்பிட்டார். எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் துடுப்பை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. அந்த வெட்கம் போகாமல்தான் அடுத்த ஆண்டு, திருநெல்வேலி மாவட்டக் கடற்கரை ஊரான உவரிப் பக்கம் இருக்கும் என் கல்லூரி நண்பனின் அப்பாவிடம் போய் நின்றேன். நாற்பது வருஷம் கடலில் போனவர். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

அவரிடம் கற்றதையும், அப்புறம் நானாகத் தேடிப் படித்ததையும், செய்த தப்புகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இது தேவைப்படாது. அவர்கள்தான் நமக்கு வாத்தியார். குளத்திலும் ஆற்றிலும் கரையோரக் கடலிலும் சின்னப் படகை ஆபத்தில்லாமல் ஓட்டிவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்று நினைக்கிற புது ஆட்களுக்கு எழுதியது.

முதலில் குளம்

கடலுக்கு உடனே போகாதீர்கள். இடுப்பளவு தண்ணீர் இருக்கும் குளமோ நீச்சல் குளமோ போதும். அங்கே இரண்டு காரியம் பழக வேண்டும். ஒன்று, போட்டிருக்கும் உடுப்போடு பத்து நிமிடம் மல்லாந்து மிதப்பது. வேகமாக நீந்தத் தெரிவதைவிட இது முக்கியம். இரண்டாவது, லைஃப் ஜாக்கெட்.

ஜாக்கெட்டைப் போட்டு எல்லா வாரையும் இறுக்குங்கள். பிறகு வேறொருவர் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கட்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. தண்ணீரில் அது மட்டும் மிதக்கும், நீங்கள் உள்ளே நழுவிப் போவீர்கள். குழந்தைகளுக்குத் தொடைக்கு நடுவே போகும் வார் கட்டாயம் இருக்க வேண்டும். வாங்கும்போது உள்ளே 'நியூட்டன்' கணக்கு (மிதக்க வைக்கும் விசையின் அளவு) அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 50 என்பது நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு, கரைக்குப் பக்கத்தில் போட. 100-க்குக் குறையாமல் வாங்குவது நல்லது. ஒரு விசிலை அதில் கட்டித் தொங்கவிடுங்கள். கடலில் கத்தினால் தொண்டைதான் போகும், விசில் சத்தம் கேட்கும்.

ஜாக்கெட்டை மடித்துப் பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். ஒரு தடவை குளத்தில் குதித்துவிட்டு, தண்ணீருக்குள்ளேயே அதைப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வராது.

குற்றாலம் சீசனில் வெண்ணமடைக் குளத்தில் படகு விடுவார்கள். துடுப்புப் படகாகக் கிடைத்தால் அதை எடுங்கள், மிதிபடகு வேண்டாம். நேராகப் போவது, இருந்த இடத்திலேயே திரும்புவது, நிறுத்துவது: இந்த மூன்றும் அரை நாளில் வந்துவிடும்.

ஏறுவதும் உட்காருவதும்

வள்ளத்தின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். "அமரத்துக்குப் போ" என்று ஒருவர் அவசரத்தில் கத்தும்போது நீங்கள் முழித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அதற்காகவே இந்தச் சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏறும்போது ஓரத்தில் மிதிக்காமல் நடுவில் மிதித்து, குனிந்து, உடனே உட்கார்ந்துவிடுங்கள். எழுந்து நின்று செல்ஃபி எடுப்பவரும், எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து மீனைப் பார்ப்பதும்தான் படகைக் கவிழ்க்கும். அலை சும்மா அதற்கு ஒத்தாசை செய்யும், அவ்வளவுதான்.

நங்கூரம்

மாமா முதலில் கற்றுக்கொடுத்தது இறுகிப்போகாத கண்ணி முடிச்சு. அதை எழுத்தில் விளக்கினால் புரியாது. கயிற்றோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து தடவை போட்டுக் காட்ட வேண்டும். நங்கூரக் கணக்கை மட்டும் சொல்கிறேன், அதில் நான் மாட்டியிருக்கிறேன்.

கடலில் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. ஒரு நாள் இன்ஜின் நின்றுபோனது. "நங்கூரத்தைப் போடு" என்றார். போட்டேன். கயிறு முழுவதும் ஓடி, கடைசி முனை விறைத்து நின்றது. சரி, பிடித்துவிட்டது என்று பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அவர் கயிற்றை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கயிறு எட்டுப் பாகம், அங்கே ஆழம் பத்துப் பாகம். நங்கூரம் தரையைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருக்க, வள்ளம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தரையைத் தொட்டாலும் போதாது. கயிறு செங்குத்தாக நின்றால் நங்கூரம் பிடிக்காது, சாய்வாகப் படுத்து இழுத்தால்தான் பிடிக்கும். அதற்கு ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு வேண்டும். எப்போதும் அணியத்தில் கட்டுங்கள். அமரத்தில் கட்டினால் அலை பின்பக்கமாக ஏறி வள்ளத்தை நிரப்பிவிடும்.

காற்றைப் படிப்பது

வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான். தண்ணீரின் ஓட்டத்துக்கு நீவாடு என்று பேர்: வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வாநீவாடு, தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் சோநீவாடு. காற்று ஒரு பக்கமும் நீவாடு இன்னொரு பக்கமும் இழுக்கும் நாளில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். சின்னப் படகுக்கு அதுதான் பெரிய தொந்தரவு.

புது ஆட்கள் தப்பாகப் புரிந்துகொள்கிற விஷயம் ஒன்று உண்டு. ஆனி, ஆடியில் மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, பலமாக அடிக்கும். காற்றாலைகள் சுற்றுகிற சுற்றைப் பார்த்தாலே தெரியும். நம் கரை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சாய்ந்து கிடப்பதால் அந்தக் காற்று நிலத்திலிருந்து கடலுக்குள் தள்ளும். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் தட்டையாக, குளம் மாதிரி இருக்கும். "இன்னைக்குக் கடல் அமைதியா இருக்கே" என்று துடுப்புப் படகை இறக்கினால், போகும்போது சுகமாகப் போகும். திரும்பும்போது எவ்வளவு வலித்தாலும் கரை நெருங்காது. கரையிலிருந்து வெளியே அடிக்கும் காற்றில் துடுப்புப் படகோ ஊதிய ரப்பர் படகோ எடுக்கவே கூடாது. ஒரு பிடி மணலை அள்ளி விட்டுப் பாருங்கள். கடல் பக்கமாகப் பறந்தால் வீட்டுக்குப் போய்விடலாம்.

மற்ற மாதங்களில் விடிகாலையில் கரைக்காற்றும் மதியத்துக்கு மேல் கடற்காற்றும் வரும். காலை ஏழு மணிக்கு இருக்கும் கடல் பதினொரு மணிக்கு இருக்காது. பழகுகிறவர்கள் பத்து மணிக்குள் கரையேறிவிட வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக அலைத்தலையில் வெள்ளை நுரை தெரிந்தால் காற்று மணிக்கு 15 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கு பார்த்தாலும் நுரை என்றால் 25-ஐத் தாண்டிவிட்டது. முதல் அறிகுறியிலேயே திரும்பிவிடுங்கள்.

கள்ளக்கடல் வேறு வகை. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து கரையில் ஏறும். சித்திரை, வைகாசியில் அதிகம். வானத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் மாவட்ட வாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் நாளன்று காலையில் அதையும் வானிலை மைய அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் அது எத்தனையாம் எண் என்ற ஆராய்ச்சியெல்லாம் பெரிய கப்பல்காரர்களுக்கு. நமக்கு எல்லா எண்ணும் ஒன்றுதான். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு இதை இந்தக் கரையில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

கணியம்

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். முதல் நாள் நான் அணியத்தில் உட்கார்ந்து ஆர்வமாகக் கடலையே பார்த்துக்கொண்டு போனேன். மாமா பின்னாலிருந்து, "எய்யா, கடல் எங்கயும் போவாது. கரைதான் போயிரும். அதப் பாரு" என்றார். திரும்பிப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு முன்னால் கிளம்பிய ஊர் எது என்று தெரியவில்லை. ஒரே மாதிரிப் பனைகள், ஒரே மாதிரி ஓட்டுவீடுகள், மூன்று கோயில் கோபுரங்கள். "நம்ம ஊரு எது?" என்று கேட்டார். நான் அடுத்த ஊர்க் கோபுரத்தைக் காட்டினேன்.

கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் வைத்து இடத்தைக் குறித்துக்கொள்வதுதான் கணியம் பார்ப்பது. கிட்டத்தில் ஒன்று, அதற்குப் பின்னால் தூரத்தில் ஒன்று. கிட்டத்தில் கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, தனியாக நிற்கும் பனை என்று எதுவும் இருக்கலாம். தூரத்துக்கு மலை. இடிந்தகரைப் பக்கம் போனால் வடமேற்கே மகேந்திரகிரி நன்றாகத் தெரியும். அசையும் பொருள் உதவாது. நான் ஒரு தடவை நிறுத்தியிருந்த லாரியை அடையாளமாக வைத்தேன், அதற்குமேல் சொல்ல வேண்டாம்.

கிளம்பும் இடத்துக்கு நேராக இப்படி ஒரு ஜோடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். போகப்போக அதைத் திரும்பிப் பாருங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் நீங்கள் அந்தக் கோட்டிலேயே இருக்கிறீர்கள். கிட்டத்து அடையாளம் தூரத்து அடையாளத்துக்கு இடப்பக்கமாக விலகிவிட்டதா? அப்படியென்றால் கரையைப் பார்த்த நிலையில் நீங்கள் வலப்பக்கம் தள்ளப்பட்டிருக்கிறீர்கள். கிட்டத்து அடையாளம் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமே வள்ளத்தை விடுங்கள், மறுபடி சேர்ந்துவிடும். உவரிக் கரையைப் பார்த்து நின்றால் வலக்கை மணப்பாட்டுப் பக்கம், இடக்கை குமரிப் பக்கம்.

ஒரு ஜோடி ஒரு கோட்டைத்தான் தரும். அந்தக் கோட்டில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று தெரிய, பக்கவாட்டில் இன்னொரு ஜோடி வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் நீங்கள். கடலுக்கு அடியில் இருக்கும் பார் என்கிற பாறைத்திட்டை, மீனுக்காக, வருஷக்கணக்காக இப்படித்தான் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்னொரு பயிற்சி. இன்ஜினை நிறுத்திவிட்டு, துடுப்பும் போடாமல் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். ஜோடி எந்தப் பக்கம் விலகுகிறது, எவ்வளவு வேகமாக விலகுகிறது என்று பாருங்கள். அன்றைக்கு உங்களைத் தள்ளிக்கொண்டு போவது எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கண்ணில் படாத நீவாட்டைக் கண்ணுக்குக் காட்டும் வித்தை இது.

திசைகாட்டி, கைபேசி, வெள்ளி

கரை மறைந்தால் கணியம் இல்லை. வள்ளத்தில் உட்கார்ந்தவர் கண் தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் தொடுவானம் மூன்றரைக் கிலோமீட்டரில் முடிந்துவிடும். உயரமான கோபுரமும் மலையும் அதற்கு அப்பாலும் தெரியும், ஆனால் மணல்கரை மறைந்துவிடும். மழை மறைத்தால் எதுவுமே தெரியாது.

கைபேசியில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். கிளம்பும் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள், பேட்டரிக்கு நம் அவசரம் தெரியாது. கையடக்கத் திசைகாட்டி ஒன்று வேண்டும். நம் பக்கம் காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் ஒன்றிரண்டு பாகைதான் வித்தியாசம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. இன்ஜினுக்கும் கைபேசிக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், ஊசி பொய் சொல்லும்.

கணக்கும் எளிது. அட்சரேகையில் ஒரு கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் தீர்க்கரேகையிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வரும். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட். ஆறு நாட் வேகத்தில் போனால் பத்து நிமிடத்துக்கு ஒரு கடல் மைல். போகும் திசையையும் கிளம்பிய நேரத்தையும் ஒரு சிலேட்டிலோ கையிலோ எழுதிக்கொண்டால், எதிர்த் திசையில் அதே நேரம் ஓட்டினால் கரைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். நீவாடு தள்ளிய தூரத்தை மட்டும் கூட்டிக் கழிக்க வேண்டும்.

இரவில் பழகுகிறவர்கள் போகவே கூடாது. தெரியாமல் மாட்டிக்கொண்டால், துருவ நட்சத்திரத்தைத் தேடி உச்சி வானத்தைப் பார்க்காதீர்கள். நம் ஊரில் அது தொடுவானத்துக்கு மேலே எட்டுப் பாகைதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கித் தொடுவானத்தில் வைத்தால், அந்த முஷ்டிக்குள்ளேயே மறைந்துவிடும் உயரம். பாதி நாள் மூட்டம் அதைத் தின்றுவிடும்.

இன்ஜினும் எதிரே வருகிறவர்களும்

இன்ஜினை அணைக்கும் சுருள்கயிறு ஒன்று இருக்கும். அதைக் கையில் மாட்டாமல் இன்ஜினைத் தொடாதீர்கள். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் வள்ளம் வட்டமடித்துத் திரும்பி அவர்மேலேயே வரும். எண்ணெய் போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மிச்சம் ஒரு பங்கு. இன்ஜின் இருந்தாலும் ஒரு ஜோடித் துடுப்பு உள்ளே கிடக்கட்டும்.

எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். சாலைப் பழக்கத்தில் கை இடப்பக்கம் போகும், கவனம். குறுக்கே வருபவர் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வந்தால் வழிவிட வேண்டியது நீங்கள். முந்துகிறவர்தான் விலகிப் போக வேண்டும். இரவில் பச்சை விளக்கு படகின் வலப்பக்கம், சிவப்பு இடப்பக்கம். வலை விரித்து நிற்கும் வள்ளத்துக்கு எப்போதும் சுற்றிக்கொண்டு போங்கள். மிதவையைப் பார்த்தால் அதற்குக் கீழே ஒருவருடைய பிழைப்பு கிடக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிர்க்கடல் பாதுகாப்புப் பகுதி, அந்தப் பக்கம் நெருங்கவே வேண்டாம்.

ஆள் தண்ணீரில் விழுந்தால் ஒருவர் கையை நீட்டி அவரையே காட்டிக்கொண்டிருக்க வேண்டும், வேறு வேலை பார்க்கக் கூடாது. அலைக்கு நடுவே ஒரு தலை தேங்காய் அளவுகூடத் தெரியாது. மிதக்கிற எதையாவது முதலில் எறியுங்கள். பக்கத்தில் வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். படகே கவிழ்ந்தால் அதைப் பிடித்துக்கொண்டே இருங்கள். கரை எப்போதும் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும், நீந்தக் கிளம்பாதீர்கள்.

ஆறு வேறு

கடலில் பழகியவர்களே தாமிரபரணியில் ஏமாறுவது அணைக்கட்டுகளில். கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு இருக்கின்றன. மேலேயிருந்து வருகிறவர் கண்ணுக்கு அணைக்கட்டு தெரியாது. தண்ணீர் வழுவழுவென்று ஒரு கோடாக முடிந்து, அதற்கப்பால் மரங்களின் தலை மட்டும் தெரியும். வெள்ளக் காலத்தில் அந்தக் கோட்டுக்குக் கீழே விழும் தண்ணீர் அடியில் போய், மேலே சுருண்டு, மறுபடி அணைக்கட்டுக்கே திரும்பி வரும். அதில் மாட்டிய படகையும் ஆளையும் வெளியே விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். லைஃப் ஜாக்கெட்கூட அங்கே காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. அடுத்த அணைக்கட்டு எங்கே என்று தெரியாமல் ஆற்றில் படகு இறக்காதீர்கள்.

சாய்ந்து கிடக்கும் சீமைக் கருவேலமும் பொல்லாதது. முள் கிளைக்குள் தண்ணீர் போகும், நாம் போக மாட்டோம். அமலைச் செடி (ஆகாயத்தாமரை) இன்ஜின் இறக்கையில் சுற்றிக்கொள்ளும். தூரத்திலேயே இன்ஜினை அணைத்துத் தூக்கிவிட்டுத் துடுப்பால் போங்கள். ஓடும் தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள், கால் கல்லிடுக்கில் மாட்டினால் தண்ணீர் முதுகில் ஏறி அமுக்கிவிடும். மல்லாந்து, காலை முன்னால் நீட்டி, மிதந்துகொண்டே ஓரம் சேருங்கள். மணல் அள்ளிய குழி எங்கே இருக்கும் என்று அந்தந்தப் படித்துறைக்காரர்களுக்குத்தான் தெரியும், கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளம் புகுந்த தெருவில் படகு ஓட்ட நேர்ந்தால், மேலே தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் கீழே மூழ்கிய கேட் கம்பியும்தான் முதல் எதிரிகள். நீளமான கம்பு ஒன்றால் முன்னால் ஊன்றிப் பார்த்துக்கொண்டே போங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், காய்ந்த மரக்கம்பு.

காரையாறு, மணிமுத்தாறு மாதிரி அணைகளில் நம் இஷ்டத்துக்குப் படகு இறக்க முடியாது, அனுமதி கேட்க வேண்டும்.

சொல்லிவிட்டுப் போவது

எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லுங்கள். அந்த நேரம் தாண்டினால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்: கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554, ஆறு குளம் என்றால் 112. வயர்லெஸ் இருந்தால் 16-ஆம் சேனல்.

திரும்பியதும் அதே ஆளிடம் வந்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும். நான் ஒரு நாள் ஒன்பது மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போய், எட்டரைக்கே, கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் கரையேறி, நண்பனோடு பேசிக்கொண்டே நடந்து போய்விட்டேன். கைபேசி பைக்குள் கிடந்தது. பத்தரைக்கு ஊருக்குள் வந்தால் இரண்டு வள்ளங்கள் இன்ஜின் மாட்டி, எண்ணெய் ஊற்றித் தயாராக நிற்கின்றன. மாமா ஒன்றும் சொல்லவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்து வந்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். அத்தனை பேருக்கும் டீயும் வடையும் அன்றைக்கு என் கணக்கு.